ஏற்காடு ரோட்டில் ஒரு வளைவு



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் போன் செய்தபோது, "எனக்கு என்னப்பா எழுத வரும்? பம்ப், பைப், வால்வு இதை விட்டால் வேறொன்றும் தெரியாதே!" என்றேன். "அதையே எழுது, யார் வேண்டாம் என்றது?" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். சரி என்று எழுத உட்கார்ந்தேன். நான் எழுத ஆரம்பித்த பைப் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் நம் சேர்வராயன் மலை அடிவாரத்தில் போய் நின்றது. எப்படி என்று சொல்கிறேன்.

நம் கல்லூரியில் படித்த யாருக்கும் ஏற்காடு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பாட்டுப் பாடியே கடந்தவர்கள் நாம். அந்த இருபது வளைவுகளும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் மலை ஏறுவதற்கு முன்பே, அடிவாரத்துக்குப் போகும் ஏற்காடு ரோட்டின் ஓரத்தில், இன்னொரு வளைவு நிற்கிறதே, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அது ரோடு திரும்பும் வளைவு அல்ல. ஒரு நுழைவாயில் வளைவு. 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்று அதில் எழுதியிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்டுடியோ இருக்காது. வீடுகளும் கட்டடங்களும்தான் இருக்கும். வாசல் இருக்கிறது, வீடு இல்லை!

நாலு வருஷமும் அதைத் தாண்டிப் போனேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு விபத்து.

ராத்திரியில் ரெண்டும் ஒரே கலர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம், தவறு என்னுடையது. பைப்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். இதற்கென்று நம் நாட்டில் ஐ.எஸ். 2379 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. தண்ணீருக்குக் கடல் பச்சை, காற்றுக்கு வான நீலம், நீராவிக்கு வெள்ளிச் சாம்பல், எண்ணெய்க்கு வெளிர் பழுப்பு என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதன்படியே அடித்து முடித்தோம். பைப்பின் மேல் பெயரும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்ட அம்புக்குறியும் போட வேண்டும். 'அது அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன். கலர்தான் அடித்தாயிற்றே!

ஒரு நாள் நைட் ஷிப்ட். எங்கள் பிட்டர் அண்ணன், இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர், வடித்துவிட்ட தண்ணீர் லைன் என்று நினைத்துக் காற்று லைனில் போல்ட்டைத் தளர்த்திவிட்டார். அழுத்தத்தில் இருந்த காற்று சீறிக்கொண்டு வந்ததில் கேஸ்கட் துண்டு ஒன்று பறந்து அவர் புருவத்தைக் கிழித்துவிட்டது. நாலு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

மறுநாள் எனக்கு அவர் மேல்தான் கோபம். "என்னண்ணே, நீலம் எது பச்சை எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"பகல்ல தெரியும் சார். ராத்திரி இந்த மஞ்ச லைட்டுல ரெண்டும் ஒரே கலர்தான். நீங்க ஒரு நாளாச்சும் ராத்திரி வந்து பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. அன்று ராத்திரி போய்ப் பார்த்தேன். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே வான நீலமும் கடல் பச்சையும் ஒரே அழுக்குச் சாம்பலாக நின்றன. காரணம் எளிது. பொருளின் மேல் விழும் வெளிச்சத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அதைத்தான் பொருள் திருப்பி அனுப்ப முடியும். சோடியம் விளக்கில் நீலமே அநேகமாக இல்லை. இல்லாததை பைப் எங்கிருந்து கொடுக்கும்?

லீவில் வீட்டுக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "இதுக்குத்தாண்டா சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துட்டுப் போயிப் பாக்குறது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நூறு சேலைகளைப் புரட்டிவிட்டு, பிடித்த ஒன்றைத் தெரு வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் அம்மாவைப் பார்த்து எத்தனை முறை நாம் அலுத்துக்கொண்டிருப்போம்! பி.இ. முடித்த எனக்குத் தெரியாதது, எட்டாவது வரை படித்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எனக்கு இருந்திருந்தால் அந்த அண்ணன் புருவத்தில் தழும்பு இருந்திருக்காது.

நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளை

அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விளக்கைப் பற்றிப் படித்தால் அது சினிமாவில் போய் முட்டியது. தமிழ் சினிமாவில் கலர் எப்போது வந்தது என்று பார்த்தால், அது நேராக நம் ஏற்காடு ரோட்டு வளைவில் வந்து முட்டியது!

அந்த வளைவுக்குச் சொந்தக்காரர் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர், 1907ல் பிறந்தவர். நூல் வியாபாரம் செய்த குடும்பம். இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். லீட்ஸ் கம்பளி நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே பல்கலைக்கழகத்தில் நெசவும் சாயமேற்றுவதும் முறையான படிப்புகள். ஆக, அவரும் நம்மைப் போல ஓர் இன்ஜினியர்தான்.

அப்படிப் படித்து வந்தவர் மில் வைத்திருக்கலாம். ஆனால் அவர் திரும்பி வந்த காலத்தில் தமிழில் பேசும் படம் பிறந்திருந்தது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ல் வந்தது. அதை எடுத்தது பம்பாயில். ஆரம்ப வருஷங்களில் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமானால் நடிகர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். சுந்தரம் முதலில் சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸில் பங்கு சேர்ந்தார். பிறகு 1935ல் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஷூட்டிங் தளங்கள், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே இடத்தில். கலைஞர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளத்துக்கு. ஒரு பக்கம் நூல் போய் மறுபக்கம் துணி வருகிற மில்லைப் போல, ஒரு பக்கம் கதை போய் மறுபக்கம் படப்பெட்டி வந்தது. அங்கே எல்லோரும் அவரை 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டார்கள். நேரம் தவறுவது அவரிடம் நடக்காது.

முதல் படம் 'சதி அகல்யா', 1937. மறு வருஷமே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கிருந்துதான் போனது. 1940ல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தமபுத்திரன்'. 1950ல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் சேர்ந்து இயக்கிய 'மந்திரி குமாரி'. கலைஞர் கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப் போகும் அந்தப் பாட்டுக் காட்சி ஏற்காட்டில் எடுத்தது என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கவிஞர் கண்ணதாசன் இங்கே கதை இலாகாவில் இருந்தார். மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பம்பாய்க்கு ரயில் ஏறிய தொழில், சேலத்தில் வேர் பிடித்தது.

கறுப்பு வெள்ளையிலும் கலர் உண்டு

கறுப்பு வெள்ளைப் படம்தானே, செட்டுக்கு எந்த பெயின்ட் அடித்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் நம் கண்ணுக்கு எதிர் எதிர் நிறம். ஆனால் இரண்டின் பிரகாசமும் ஒன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளை பிலிமில் இரண்டும் ஒரே சாம்பல். கதாநாயகி சுவருக்குள் கரைந்து போவாள்! தூய வெள்ளை வேட்டியோ விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், துணியின் மடிப்பே தெரியாது. அதனால் ஸ்டுடியோக்களில் வெள்ளைத் துணியை இலேசான மஞ்சளிலோ நீலத்திலோ முக்கி எடுப்பார்கள். பளிச்சென்ற வெள்ளை வேட்டியில் வந்த கதாநாயகன் நேரில் மங்கலான மஞ்சள் வேட்டியில் நின்றிருப்பார். இன்ன நிறம் இன்ன சாம்பலாக விழும் என்று செட் பெயின்டருக்கும் துணி இலாகாக்காரருக்கும் கண்ணளவிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நான் பைப்பில் தோற்ற அதே பாடம்! நிறத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அது எந்த வெளிச்சத்தில், எந்தக் கண்ணுக்கு, எப்படித் தெரியப்போகிறது என்று பார்க்க வேண்டும். இதை அவர்கள் பட்டப் படிப்பில் கற்கவில்லை. அன்றாடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

1956 பொங்கல்

இந்தியாவிலேயே பிராசஸ் செய்த முதல் வண்ணப்படம் 'கிசான் கன்யா', 1937ல் வந்த இந்திப் படம். அதற்குப் பிறகும் வெகுகாலம் தமிழில் முழுநீள வண்ணப்படம் என்று ஒன்று வரவில்லை. கலர் பிலிம் விலை அதிகம், வேலையும் அதிகம். 'கறுப்பு வெள்ளையிலேயே நன்றாக ஓடும்போது எதற்கு வம்பு?' என்று நினைத்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

1956 ஜனவரி 14, பொங்கல் நாள். மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளியானது. எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ். வீரப்பா நடித்தது. கேவா கலர் பிலிமில் எடுத்தது. இயக்கியவர் டி.ஆர். சுந்தரமே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இதுதான். இதே கதை, இதே பெயரில், 1941ல் என்.எஸ். கிருஷ்ணன் நடித்துக் கறுப்பு வெள்ளையில் வந்ததுதான். ஆனால் குகை நிறையத் தங்கமும் ரத்தினமும் குவிந்து கிடக்கும் கதையைச் சாம்பல் நிறத்தில் பார்ப்பதும் வண்ணத்தில் பார்ப்பதும் ஒன்றாகுமா? வண்ணம் இருந்தால்தான் புதையல் புதையலாகத் தெரியும். எந்தக் கதைக்கு வண்ணம் தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

இன்ஜினியர் கண்ணோடு பார்த்தால் இன்னும் ஆச்சரியம். அன்றைய கலர் பிலிம் மந்தமானது. கறுப்பு வெள்ளைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். அத்தனை விளக்கையும் ஏற்றினால் தளம் அடுப்பாகக் கொதிக்கும். அதோடு, இழை விளக்கில் வோல்டேஜ் இறங்கினால் வெளிச்சம் குறைவது மட்டுமல்ல, சிவக்கவும் செய்யும். கறுப்பு வெள்ளையில் அது பெரிய குற்றமில்லை. கலரிலோ ஒரு ஷாட்டில் இருந்த முகம் அடுத்த ஷாட்டில் வேறு ஆள் முகமாகிவிடும். செட்டின் பெயின்ட், துணியின் சாயம், முகத்தின் மேக்கப், விளக்கின் வோல்டேஜ் நாலும் ஒத்துப்போனால்தான் படம். பழைய சாம்பல் கணக்கெல்லாம் செல்லாது. அத்தனை பேரும் கண்ணைப் புதிதாகப் பழக்கியிருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். தெலுங்கின் முதல் முழுநீள வண்ணப்படம் 'லவகுசா' வந்தது 1963ல். கன்னடத்தில் 'அமரசில்பி ஜகனாச்சாரி' 1964ல். மலையாளத்தில் 'கண்டம் பெச்ச கோட்டு' 1961ல். அந்த மலையாளப் படமும் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததுதான், இயக்கமும் டி.ஆர். சுந்தரம்தான்! தென்னகத்து நாலு மொழிகளில் இரண்டுக்கு முதல் வண்ணப்படம் நம் சேர்வராயன் அடிவாரத்திலிருந்து போயிருக்கிறது. 'கண்டம் பெச்ச கோட்டு' என்றால் ஒட்டுப் போட்ட கோட்டு என்று அர்த்தம். முதல் படத்தில் திருடர் குகைத் தங்கத்தைக் கலரில் காட்டியவர், அடுத்த மொழிக்குப் போனபோது ஒட்டுப் போட்ட ஒரு கோட்டைக் கலரில் காட்டத் துணிந்தார். புதையலில் மட்டுமல்ல, பழந்துணியிலும் வண்ணம் உண்டு என்று தெரிந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

பட்டும் பிலிமும் ஒரு தாய் பிள்ளைகள்

ஒரு ஜவுளி இன்ஜினியர் இதைச் செய்தது தற்செயல் இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

1856ல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். குவினைன் வரவில்லை. குடுவையின் அடியில் கறுப்பாக ஏதோ தங்கியது. நம்மில் பலர் லேபில் செய்தது போல அதைக் கழுவிக் கொட்டியிருக்கலாம். அவன் அதைக் கரைத்துப் பார்த்தான். அழகான ஊதா வந்தது. பட்டுத் துணியில் பிடித்தது, துவைத்தாலும் போகவில்லை. உலகின் செயற்கைச் சாயத் தொழிலை நிமிர்த்தியது அந்த ஊதாதான். அவர் மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின், நம் சுந்தரம் படித்த அதே லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1926 வரை சாய வேதியியல் பேராசிரியராக இருந்தார்.

கலர் பிலிமும் இந்தக் குடும்பம்தான். மெல்லிய மூன்று படலங்களில் மஞ்சள், செவ்வூதா, பச்சைநீலம் என்று மூன்று சாயங்கள் உண்டாகின்றன. அவற்றை உண்டாக்கும் டெவலப்பர் அனிலீனுக்கு உறவுக்காரப் பொருள். சேலத்துச் சாயப்பட்டறையில் பாவு நூலை முக்குவதும், லேபில் பிலிமை முக்குவதும் ஒரே வேலையின் இரண்டு வடிவங்கள். சூடு இத்தனை, நேரம் இத்தனை, மருந்து இத்தனை. கொஞ்சம் தப்பினால் நிறம் தப்பும். பெர்கினின் ஊதா பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1956ல், நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளை ஒருவர் தமிழுக்கு வண்ணப்படம் கொடுத்தார். சாயம் துணியிலிருந்து திரைக்கு நடந்து வந்த தூரம் அது.

அவர் பிறந்து வளர்ந்த சீமையையும் பாருங்கள். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறிச்சத்தம். கண்ணைப் பறிக்காத வெள்ளையில் மெல்லிய கரை மட்டும் போட்ட சேலம் வெண்பட்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள். மலையடியில் வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட், மலைமேல் பாக்சைட் கலந்த செம்மண். நிறமும் வடிவமும் இங்கே பொருட்காட்சியில் வைக்கிற சமாச்சாரம் அல்ல, சோற்றுக்கு வழி.

வாசல் மட்டும் மிச்சம்

டி.ஆர். சுந்தரம் 1963ல் காலமானார். அதற்குப் பிறகும் படங்கள் வந்தன. ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்களை நம் அப்பா தலைமுறை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சினிமா சென்னையில் மையம் கொண்டுவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டுடியோ ஓய்ந்தது. தளங்கள் போயின, லேப் போயிற்று, வளைவு நின்றது.

எனக்கு வருத்தம் கட்டடம் போனதில் அதிகமில்லை. வோல்டேஜைப் பார்த்துக்கொண்டு நின்ற எலெக்ட்ரீசியன், வேட்டியை மஞ்சளில் முக்கிய துணி இலாகாக்காரர், தகரத்தைத் தங்கமாக்கிய பெயின்டர், குகைக் கதவைச் செய்த தச்சர், இவர்களின் கண்ணறிவு எழுதி வைக்கப்படாமலே போய்விட்டதே, அதில்தான் வருத்தம். நடிகர் பெயர் நமக்குத் தெரியும். டைரக்டர் பெயர் தெரியும். அந்தப் பெயின்டர் பெயர்? என் தொழிற்சாலையில் அந்தப் பிட்டர் அண்ணன் வாய் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் நானும் இன்றுவரை ஐ.எஸ். 2379ஐக் கட்டிக்கொண்டு, குற்றம் அவருடையது என்றே எழுதியிருப்பேன்.

பிறகு அந்தத் தொழிற்சாலையில் என்ன செய்தோம்? பைப் முழுக்கப் பெயரும் அம்புக்குறியும் போட்டோம். அந்த வரிசையில் மட்டும் வெள்ளை வெளிச்சம் தரும் விளக்கு மாற்றினோம். பெயின்ட் காய்ந்ததும் அந்த அண்ணனையே ராத்திரியில் கூட்டிப் போய்க் காட்டி, அவர் "இப்ப சரி சார்" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை எந்த டிராயிங்கானாலும் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம், அவர் வேலை செய்யும் நேரத்தில், அவர் இடத்தில் வைத்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. அம்மா பாஷையில் சொன்னால், சேலையை வாசலுக்கு எடுத்துப் போகாமல் பில் போடுவதில்லை!

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 'கலை நமக்கு எதுக்குங்க, நாம இன்ஜினியர்' என்று நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கலை என்றால் மியூசியத்தில் இருப்பது என்று நினைத்துவிட்டோம். சாயப்பட்டறையில் இருக்கிறது, சேலைக் கடை வாசலில் இருக்கிறது, விடியாத இருட்டிலும் கோயில் மதிலைக் காட்டிக்கொடுக்கும் காவி வெள்ளைப் பட்டையில் இருக்கிறது. பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

இந்த ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் எப்படியும் ஏற்காடு போகாமல் திரும்பமாட்டீர்கள். போகும் முன்பு, நம் பழைய வழக்கப்படி, விடியற்காலையில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஏறி மலையைப் பாருங்கள். ஆறு மணிக்குக் கரு நீலம், ஏழுக்கு வெளிர் நீலம், பத்துக்குப் பச்சை, சாயங்காலம் ஊதா. மலை ஒன்றுதான், வெளிச்சம்தான் வேறு. பிறகு பஸ் ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் வரும் அந்த முதல் வளைவு வந்ததும், பாட்டை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள்.

நாலு வருஷமாக நான் பார்க்காமல் விட்டதை, நீங்களாவது பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். மற்றவை நேரில். வணக்கம்.